வாய்க்கால் கரை ஆச்சிக்கு வீடு: வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி. எங்க தெருவுக்குப் பின்னால இருந்த ஆச்சிக்கு 2023 டிசம்பர் வெள்ளத்துல குடிசை போயிட்டு. இப்ப கோயில் மண்டபத்துலதான் படுக்கை. 'கலைஞரின் கனவு இல்லம்' வீட்டுத் திட்டத்துல 3.5 லட்சம் உண்டு, ஆனா அது ஊராட்சிப் பகுதிக்கு, பட்டாவும் வேணும். ஆச்சி இருந்தது நீர்நிலைப் புறம்போக்கு, அதுவும் நெல்லை மாநகராட்சி எல்லைக்குள்ள. அங்கேயே பட்டா கேட்கல. மறுபடி தண்ணி வராதா என்ன? மாத்து இடம் கொடுக்கது அரசாங்கத்தோட பொறுப்புதானே.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துல வீடு கேட்டா, பயனாளி பங்குத்தொகை கட்ட வழியில்லாதவங்களுக்குத் தளர்வு உண்டா? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவுல என்னென்ன இணைக்கணும்? ரேஷன் கார்டும் வெள்ளத்தோட போச்சு, ஆதார் மட்டும் இருக்கு. அதுவரை ராத்திரி தங்க, வீடற்றோர் காப்பகத்துல சேர்க்க யாரைப் பார்க்கணும்? பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கம் இப்படி வாங்கிக் கொடுத்தவங்க இருந்தா சொல்லுங்க. மனு நானே எழுதிருவேன்.