12 மாதம் முடிந்தால் நடுத்தீர்ப்புச் செல்லாதா?

சுன்னாகத்தான்:
கிளிநொச்சியில் ஒரு கட்டடக் கொந்தராத்துப் பிணக்கு. நடுத்தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே இரு தரப்பும் ஏற்ற நடுவர்கள் தரும் தீர்ப்பு, 16ஆவது மாதம்தான் வந்ததாம். அது செல்லாது. 12 மாதத்தோடு நடுவர்களின் அதிகாரம் முடிந்துவிடும். அந்தத் தீர்ப்பில் வடை சுற்றலாம்.

கொக்குவிலான்:
யார் சொன்னது? 12 மாதக் கெடு இந்தியச் சட்டத்தின் 29ஏ பிரிவு, 2015 திருத்தத்தில் வந்தது. எங்களுடையது இலங்கையின் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம். அதில் அப்படிக் கெடு கிடையாது. கொந்தராத்திலே எழுதியிருந்தால் வேறு கதை. எழுதியிருக்கிறதா?

சுன்னாகத்தான்:
எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன, 12 மாதம் 12 மாதம்தான். சட்டத்தரணி ஒருவரோடு கதைத்துவிட்டுத்தான் போட்டேன்.

கொக்குவிலான்:
சென்னையில் இருக்கிறாரோ அவர்?

வடமராட்சிப் பெடியன்:
இந்தியாவிலும் அப்படி இல்லை அண்ணை. இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம். அதற்கு மேல் நீதிமன்றம் நீட்டலாம். கெடு முடிந்த பிறகு நீடிப்புக் கேட்க முடியாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. கேட்கலாம் என்று 2024 செப்டெம்பரில் ரோஹன் பில்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சுன்னாகத்தான்:
கேட்டால்தானே தம்பி? இங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே 12 மாதம்.

கோண்டாவில் அக்கா:
அந்த 12 மாதத்தை எந்த நாளில் இருந்து எண்ணுகிறீர்கள்? இரு தரப்பும் எழுத்தில் கொடுக்கும் வழக்குரைகள் முடிந்த நாளா, நடுவரைப் போட்ட நாளா?

கொக்குவிலான்:
கிளிநொச்சிக் கட்டடத்துக்கு டெல்லியில் போய் நீடிப்புக் கேட்கச் சொல்கிறார் இவர்! இங்கே தீர்ப்பைத் தள்ளச் சொல்வதென்றால், அது கைக்குக் கிடைத்து 60 நாளுக்குள் மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இவர் 12ஐ எண்ணி முடிப்பதற்குள் அந்த 60 ஓடிவிடும். 1995, 11ஆம் இலக்கம். எத்தனையாவது பிரிவில் 12 இருக்கிறது? இலக்கத்தைப் போடுங்கோ.

சுன்னாகத்தான்:
முன்பு கொங்கிறீட் பற்றிக் கதைத்த திரியிலும் இப்படித்தான் துள்ளினீர்கள். கடைசியில் யாருடைய கொங்கிறீட் தளம் வெடித்தது?

கொக்குவிலான்:
தண்ணீர் ஊற்றாமல் விட்டால் வெடிக்காமல் பூக்குமா? அதற்கும் நான்தான் பொறுப்போ?

வடமராட்சிப் பெடியன்:
அக்கா கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கொக்குவிலான்:
முதலில் பிரிவு இலக்கம்.

சுன்னாகத்தான்:
12 மாதம். தளத்துக்கு 7 நாள் தண்ணீர் ஊற்றினேன், சாட்சி இருக்கிறது.