மைஎஸ்கியூஎல்லில் தமிழ் அகரவரிசை: உதவி தேவை

கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேட்டை ஊர்வாரியாக அச்சிடும் மென்பொருளைப் பராமரிக்கிறேன். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் 8.0. தை மாதம் ஊர்ப்பெயர்களைத் தமிழில் பதியத் தொடங்கியதிலிருந்து வரிசை பிழைக்கிறது.

யூடிஎஃப்8எம்பி4_பின் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதித்தொகுப்பு) ஒவ்வோர் எழுத்தின் யூனிகோட் எண்ணின்படியே ஒப்பிடுவதால் பனங்காமம் பரந்தனுக்கு முன்னால் வந்து நின்றது. யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ என மாற்றியதும் றகரமும் னகரமும் உரிய இடத்துக்குப் போயின. ஆனால் அது புள்ளியை உயிர்க்குறிகளுக்குப் பின்னால் வைப்பதால், அகராதிப்படி முந்தவேண்டிய புத்துவெட்டுவான் இன்னமும் புதுக்குடியிருப்புக்குப் பின்னேதான் வருகிறது. அங்கத்தவர்கள் தம் ஊரைத் தேடிப் பக்கம் புரட்டும் ஏடு என்பதால் இதை அப்படியே விட மனமில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற வேறொரு தரவுத்தளத்தில், ஐசியூ என்ற யூனிகோட் மென்பொருள் நூலகத்தின் தமிழ்க் கொலேஷன் சரியான வரிசையைத் தந்தது. மென்பொருளை அங்கு மாற்ற வழியில்லை.

மெய்யெழுத்தை அகரமேறிய எழுத்துக்கு முன்வைக்கும் விதியை, மைஎஸ்கியூஎல்லில் புதுக் கொலேஷன்களை வரையறுக்கும் இண்டெக்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பில் சேர்த்து இயக்கியவர்கள் இருந்தால், அதை எப்படி எழுதினீர்கள்?