கர்ப்பப்பைப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தபின் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

புற்றுநோய்ப் பிரிவில் கேள்வித்தாள் நிரப்புவது என் வேலை. கர்ப்பப்பை உட்சுவரில் வரும் புற்றுநோய்க்கு (கர்ப்பப்பை வாய் அல்ல, அது வேறு) சிகிச்சை முடித்து செக்கப் வருகிறவர்களுக்கு இரண்டு தாள். எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவான சி30, அதில் 30 கேள்வி. இந்த நோய்க்கென்றே இஎன்24, அதில் 24. இரண்டும் இஓஆர்டிசி என்ற ஐரோப்பிய அமைப்பு தயாரித்தவை. பெரும்பாலும் 'இல்லவே இல்லை'யிலிருந்து 'மிக அதிகம்' வரை நான்கில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஓர் அம்மா, அறுபது இருக்கும். பக்கத்தில் மகன். "கனமான பை, பெட்டி தூக்கச் சிரமமா?" என்றேன். "பெட்டி தூக்கிட்டு நான் எந்த ஊருக்குப் போறேன் தாயி? தண்ணிக்குடத்தைக் கேளு." அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் "இல்லவே இல்லை"தான். மகனை மாத்திரை வாங்க அனுப்பிவிட்டு முதலிலிருந்து கேட்டேன். ஒண்ணுக்கு வந்தால் அவசரமாக ஓட வேண்டியிருக்கா? "பஸ் ஏறி எட்டு மாசமாச்சு." கால் வீக்கம்? சேலையை லேசாகத் தூக்கினார். வலது காலில் கொலுசு, இடது காலில் இல்லை. தாம்பத்தியம் பற்றிய கேள்விகளை நானே கூச்சப்பட்டுத் தாண்டிவிட்டேன். அவர் தாளை எட்டிப் பார்த்து, "ஏன், இந்தப் பக்கத்தை எனக்குக் கேக்க வேணாமா?" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

*

அக்கா, நானும் அந்தத் தாளை நிரப்பியவள். கடைசியில் 1 முதல் 7 வரை மார்க் போடச் சொல்வார்களே, கடந்த வாரம் மொத்தத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது என்று, அதில் 6 போட்டேன். உசிரோடு இருக்கேன், அதுக்கே ஆறு. ஆனால் கீமோவுக்குப் பிறகு விரல் நுனி மரத்தே கிடக்கிறது. மரத்துப்போகுதா என்று கேள்வி இருக்கு, 'ஓரளவு' என்று டிக் பண்ணினேன். முப்பது வருஷமாக மல்லிகை கட்டியவள், இப்போது நார் விரலில் இருக்கா நழுவிட்டதா என்றே தெரிவதில்லை. அதற்கு எந்தக் கட்டம்? இதையெல்லாம் கூட்டிக் கழித்து யாருக்கு என்ன லாபம்?

*

லாபம் உண்டும்மா. நெதர்லாந்தில் 'போர்டெக்-2' என்று ஓர் ஆய்வு, 2010-ல் முடிவு வந்தது. ஆபரேஷன் முடிந்த 427 பெண்களில் பாதிப் பேருக்கு இடுப்பு முழுக்க வெளியிலிருந்து ரேடியேஷன், மீதிப் பேருக்கு பிறப்புறுப்பின் உள்ளே வைத்துக் கொடுப்பது. அந்த இடத்தில் நோய் திரும்பியது ஐந்து வருஷத்தில் இரண்டு பக்கமும் 2 சதவீதத்துக்குக் கீழேதான். வித்தியாசம் தெரிந்தது இந்த மாதிரித் தாள்களில். வெளி ரேடியேஷன் எடுத்தவர்கள் வயிற்றுப்போக்கு, மலம் கசிவது, அதனால் வீட்டோடு முடங்குவது என்று கூடுதலாகக் குறித்திருந்தார்கள். நோய் திரும்பும் ஆபத்து ஓரளவு உள்ளவர்களுக்கு இப்போது உள்ளே வைப்பதையே பெரும்பாலும் பரிந்துரைக்கக் காரணம் அதுதான். ஆனால் மல்லிகைக்குக் கட்டம் கிடையாது, அது நிஜம்.

*

எனக்கும் உள்ளே வைத்த ரேடியேஷன்தான். யாரோ ஊர் பேர் தெரியாத பெண்கள் கூச்சப்படாமல் எழுதியிருக்கிறார்கள். வியாழக்கிழமை செக்கப். பூ கட்ட முடியவில்லை என்று ஓரத்தில் எழுதப் போகிறேன், திட்டாதீங்க.