வெள்ளைவால் மானுக்கு 30-30 வின்செஸ்டர் தோட்டா போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம். பென்சில்வேனியாவின் அடர்ந்த காட்டில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு, 30-30 வின்செஸ்டர் தோட்டாவுக்கான மார்லின் 336 என்னும், நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கியை எடுத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். 1895-இல் அறிமுகமான இத்தோட்டாவின் 150 கிரெயின் (ஏறத்தாழ 9.7 கிராம்) எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 2,400 அடி வேகத்தில் புறப்பட்டாலும், தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் வடிவ மேகசினில் கடினமான கூர்முனைக் குண்டு தனக்கு முன்னுள்ள தோட்டாவின் பிரைமரை (அடிப்பகுதியிலுள்ள பற்றவைப்பானை) தாக்கி வெடிக்கச் செய்துவிடக்கூடும் என்பதால் வழக்கமாகத் தட்டைமுனைக் குண்டையே பயன்படுத்த வேண்டியிருக்கிறது; அதுவோ காற்றில் விரைவாக வேகமிழக்கிறது. நூறு கெஜத்துக்குள் இது போதும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நூற்றைம்பதைத் தாண்டினால்? மான் காயத்தோடு ஓடி வதைபடுவதை நான் அறவே விரும்பவில்லை. ஆகவே, வழக்கமான 170 கிரெயின் குண்டு, நெகிழ்முனை கொண்ட 160 கிரெயின் ஹார்னடி நிறுவனக் குண்டு ஆகிய இரண்டில் எது நெஞ்சுப் பகுதியில் நன்கு ஊடுருவுகிறது, எவ்வளவு தொலைவை எல்லையாகக் கொள்ளலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.