மாலிப்டினத்தின் மேல் சிலிசைடு கோட்டிங்: முதலில் எங்கே விட்டுப்போனதைப் பார்த்தீர்கள்?

தகடு:
மாலிப்டினம் என்ற உலோகத்தின் துண்டுகளைச் சிலிக்கான் பொடியில் புதைத்துச் சுட்டு, சிலிசைடு (சிலிக்கானும் உலோகமும் சேர்ந்த சேர்மம்) கோட்டிங் ஏற்றிச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை. உருகுநிலை 2620 டிகிரி செல்சியஸ் என்றாலும், வெறும் மாலிப்டினத்தை 800 டிகிரிக் காற்றில் வைத்தால் ஆக்சைடு புகையாகப் போய்த் துண்டே கரைந்துவிடும். கோட்டிங் இருந்தால் 1400 டிகிரியிலும் அமைதியாக நிற்கும். மேலே உருவாகும் சிலிக்காக் கண்ணாடி, சின்ன விரிசல்களை அடைத்துக்கொள்ளும்.

நான் பார்த்த சேதமெல்லாம் ஆறும்போதும் ஓரங்களிலும்தான். உலோகத்தைவிட சிலிசைடு அதிகம் சுருங்குவதால் விரிசல் விடும். கூர்மையான ஓரத்தில் இரு பக்கத்துக் கோட்டிங்கும் சேராமல் பிளவாக நிற்கும். காற்று அங்கேதான் நுழையும். ஓரத்தை உருட்டாத துண்டை இப்போது பொடிக்குள் வைக்கவே விடுவதில்லை. துண்டுக்கு வரைபடம் போடுபவர்கள் இதைக் கேட்டு நடந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பல்லகம்:
எங்களுடையது பல் லேப். ஜிர்கோனியா (பல் உறை செய்யும் பீங்கான்) சுடும் உலையின் ஹீட்டர் கம்பிகள் முழுக்கவே மாலிப்டினம் டைசிலிசைடு (சிலிக்கான் அதிகமுள்ள சிலிசைடு), கோட்டிங் இல்லை. ஆனாலும் காப்பது அதே கண்ணாடித் தோல்தான். நிறமேற்றும் திரவம் சரியாகக் காயாமல் உள்ளே போனதால் தோல் உரிந்து, வெள்ளைக் கிரவுன்கள் (பல் உறைகள்) மஞ்சளடித்து வந்தன. காலி உலையை 1450 டிகிரியில் சுட்டுத் தோலை மீண்டும் வளரவிட்ட பிறகே நிறம் சரியானது.

தகடு:
உங்கள் கம்பிகள் 400–600 டிகிரியில் அதிக நேரம் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடைச்சூட்டில் சிலிக்கா மூடுவதற்குள் மாலிப்டினம் ஆக்சைடும் கூடவே வளர்ந்து, பொருளைப் பொடியாக்கிவிடும்.

கண்ணாடி உலை:
கண்ணாடிக்குள் மின்சாரம் செலுத்தும் எங்கள் மாலிப்டின எலக்ட்ரோடு உருகிய கண்ணாடிக்குள் மூழ்கிவிட்டால் பயமில்லை, காற்று படாது. உலையைச் சூடேற்றும் அந்தச் சில நாட்கள்தான் கண்டம். கோட்டிங் அதுவரை தாங்கினால் போதும். தூக்கும்போது சங்கிலி உரசிய எலக்ட்ரோடை நாங்கள் ஏற்றுவதில்லை.

தகடு:
நீண்ட ஆயுள் வேண்டுமென்றால் இன்னொரு கணக்கும் உண்டு. சூட்டில் சிலிக்கான் உள்ளே உலோகத்துக்குள்ளும் நகர்ந்து, டைசிலிசைடு அடுக்கு மெலிந்துகொண்டே வரும். கீழே உருவாகும் சிலிக்கான் குறைந்த அடுக்கு அவ்வளவாகக் காக்காது.  வெளியே பளபளவென்று இருப்பதை நம்பாமல், ஒரு துண்டை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் மிச்சத் தடிமனை அளந்து பாருங்கள்.