பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பெண்பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி (தன்னார்வலர், அஞ்செட்டி):
பெற்றோர் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் வளரிளம் பெண்கள் பன்னிருவரை எங்கள் மலைக் கிராமத்தில் ஞாயிறுதோறும் கூட்டிப் பேசிவருகிறோம். படிப்பு, உடல்நலம், சேமிப்பு ஆகிய மூன்றில் எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (கிராம சுகாதாரச் செவிலியர், பென்னாகரம்):
சகோதரி, இரத்தசோகையிலிருந்து தொடங்குங்கள். வாரம் ஒன்றாகத் தரப்படும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சில பிள்ளைகள் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு, வாசல் தாண்டியதும் எறிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டியதுதான் காரணம். சாப்பிட்ட பிறகு, உங்கள் கண்முன்னே விழுங்கச் செய்யுங்கள். உடனே தேநீர் குடிக்க வேண்டாம்; அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

மறுமொழி (அஞ்சலக முகவர், அரூர்):
பத்து வயது நிறைந்த சிறுமி தன் பெயரிலேயே அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். மாதம் 100 ரூபாய் போதும். பாஸ்புக்கை அவள் கையிலேயே கொடுங்கள். என்னிடம் வரும் ஒரு பிள்ளை அதை மஞ்சள் பையில் சுற்றி, மதிப்பெண் சான்றிதழோடு சேர்த்துப் பாதுகாக்கிறாள்.

மறுமொழி (ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தேன்கனிக்கோட்டை):
படிப்பு நின்றவுடன் கல்யாணப் பேச்சு எழுவதை மனம் நொந்து பார்த்தவள் நான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் என்பதைப் பாட்டிகளிடமே நேரில் சொல்லுங்கள். 18 வயது நிறையாதவளுக்குத் திருமண ஏற்பாடு நடப்பதாகத் தெரிந்தால், இரவானாலும் தயங்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.