கலைச்சொல்: கையில் ஒட்டும் சர்க்கரை சென்சாருக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

வணக்கம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கான எட்டுப் பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேற்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு 14 நாள் வரை சர்க்கரை அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும் கருவிக்கு அட்டையில் போட ஒரு பெயர் வேண்டும். மருத்துவர்கள் சிஜிஎம் (கன்டினியூவஸ் குளுக்கோஸ் மானிட்டர்) என்கிறார்கள், நோயாளிகள் சென்சார் என்கிறார்கள். இப்போதைக்கு நான் எழுதி வைத்திருப்பது ‘தொடர் இரத்தச் சர்க்கரைக் கண்காணிப்பி’.

ஒரு கட்டுப்பாடு உண்டு. விரலைக் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டருக்குச் ‘சர்க்கரைமானி’ என்று முன்பே போட்டாகிவிட்டது. இரண்டு கருவியும் மூன்று இடங்களில் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. படித்துக் காட்டும்போதே வேறு வேறு என்று காதுக்குத் தெரிய வேண்டும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

‘தொடர்’ இங்கே வினைத்தொகையாக நிற்கிறது. வல்லினம் மிகாது, ‘தொடர்க் கண்காணிப்பு’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். என் கவலை ‘சர்க்கரை’ மேல். வடமொழி ‘சர்க்கரா’வுக்குப் பருக்கைக்கல், மணல் என்ற பொருளும் உண்டு. நம்மிடம் ‘அயிர்’ இருக்கிறது. நுண்மணலுக்கும் அதுதான் சொல், சருக்கரைக்கும் அதுதான் சொல். இரண்டு மொழியும் ஒரே பார்வையில் இனிப்பையும் மணலையும் சேர்த்திருக்கின்றன. ‘அயிரளவி’ என்றால் ஐந்தே எழுத்து.

மருத்துவர், கோயம்புத்தூர்:

‘சர்க்கரை’யை விட்டுவிடுங்கள், அது நோயாளியின் வாயில் இருக்கிற சொல். எடுக்க வேண்டியது ‘இரத்த’த்தை. ஏனென்றால் இந்தக் கருவி இரத்தத்தைத் தொடுவதே இல்லை.

ஒட்டும்போது ஊசி உள்ளே போய் உடனே வெளியே வந்துவிடும். தோலுக்கடியில் தங்குவது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீள மெல்லிய இழை. அதன்மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசியிருக்கும். செல்களுக்கு நடுவே இருக்கும் நீரில் உள்ள குளுக்கோஸோடு அது வினைபுரிந்து எழுப்பும் சிறு மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றுகிறது. இரத்தத்திலிருந்து அந்தத் திசுநீருக்குச் சர்க்கரை கசிந்து வர 5 முதல் 10 நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

இதனால் என்ன கெடும்? சர்க்கரை வேகமாக இறங்கும்போது கருவி 85 காட்டும், இரத்தத்தில் 65 இருக்கும். வியர்க்கிறது, கை நடுங்குகிறது, ஆனால் ‘இரத்தச் சர்க்கரைக் கண்காணிப்பி’ 85 என்கிறதே என்று அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். தாழ்சர்க்கரைக்கு 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்ட பிறகு இதே கதை தலைகீழ். 15 நிமிடம் கழித்தும் கருவி தாழ்வாகவே காட்டும். பயந்துபோய் இன்னும் இரண்டு தரம் சாப்பிடுவார், ஒரு மணி நேரத்தில் 280. அந்த நேரத்தில் விரலைக் குத்தித்தான் பார்க்க வேண்டும். பெயரிலேயே ‘இரத்த’ என்று எழுதிவிட்டு, உள்ளே ‘இது இரத்தத்தைப் பார்ப்பதில்லை’ என்று எச்சரித்தால் யார் நம்புவார்கள்?

வாசகர், ஹட்டன்:

மருத்துவர் சொல்வது சரி. என் மறுப்பு மற்றப் பாதிக்கு. ‘கண்காணிப்பி’ வேண்டாம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கண்காணி என்றால் கங்காணி. இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, ‘துண்டு’ என்ற சீட்டில் கடன் எழுதி, கொழுந்து நிறுக்கும்போது தலைக்குமேல் நின்றவர். ஒரு நோயாளியின் கையில் அந்தப் பெயரை ஒட்டாதீர்கள். இரத்தினபுரிக்கும் இந்தக் கையேடு வரும் என்றால் இன்னொன்று: இங்கே சாதாரணப் பேச்சில் ‘சீனி வருத்தம்’தான். பாடநூலில் ‘வெல்லம்’ என்பார்கள். உங்கள் ஊரில் வெல்லம் பொங்கலுக்குப் போடுவது.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

கண்காணி சோழர் கல்வெட்டுகளிலேயே இருக்கும் சொல். கோயில் கணக்கை மேற்பார்த்தவர். தோட்டத்தில் பட்ட காயத்துக்காகச் சொல்லையே ஒதுக்கினால் எத்தனை சொல் மிஞ்சும்? ஆனாலும் வற்புறுத்தவில்லை. ‘அளவி’யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அளவுதலுக்குக் கலத்தல் என்ற பொருளும் உண்டு, ‘அளவளாவு’தலில் இன்றும் வாழ்கிறது. இரத்தத்துச் சர்க்கரை திசுநீரில் கலந்த பிறகு அளப்பது இந்தக் கருவி. இரு பொருளும் பொருந்தி நிற்கின்றன.

மருத்துவர், கோயம்புத்தூர்:

அழகாக இருக்கிறது, நோயாளிக்கு உதவாது. மேலும் ‘அயிர்த்தல்’ என்றால் ஐயுறுதல் அல்லவா? அயிரளவி என்று எழுதினால் ஐயத்தை அளக்கும் கருவி ஆகிவிடும்.

வாசகர், ஈப்போ:

இங்கே ‘இனிப்பு நீர்’ என்றால்தான் நோய் புரியும். பெயர் எதுவானாலும் அலகை மறக்காதீர்கள். உங்கள் ஊரில் கருவி மில்லிகிராமில் காட்டும், மலேசியாவில் மில்லிமோலில் காட்டும். உங்கள் 70 எங்களுக்கு 3.9, உங்கள் 180 எங்களுக்கு 10. கையேட்டை அப்படியே எடுத்துப் படிப்பவர் தன் கருவியில் 7 என்ற எண்ணைப் பார்த்துத் திகைப்பார். கையேட்டின் எண்ணை 18ஆல் வகுக்க வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

போட்டுவிட்டேன். ‘தொடர்’ + ‘அளவி’ = தொடரளவி. ‘சர்க்கரைத் தொடரளவி’ என்று வைக்கலாமா? வாக்கியத்தில் இட்டுப் பார்த்தேன்: “தொடரளவி காட்டுவதும் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் சர்க்கரைமானியில் பாருங்கள்.” காதுக்கு வேறாகத்தான் கேட்கிறது. 70 முதல் 180க்குள் இருக்கும் நேரத்துக்கு ‘இலக்கு நேரம்’ என்று வைத்திருக்கிறேன். பலருக்கும் சொல்லும் இலக்கு 70 விழுக்காட்டுக்கு மேல். அதை ‘ஒரு நாளில் 17 மணி நேரம்’ என்று எழுதினால் உடனே பிடிபடுகிறது.

செவிலியர், திருநெல்வேலி:

அட்டையில் எதை வேண்டுமானாலும் போடுங்கள், உள்ளே ‘சென்சார்’ இருக்கட்டும். இரவு 2 மணிக்கு அலாரம் அடித்து எழுந்தவர் அகராதி தேடமாட்டார். இதையும் சேருங்கள்: ஒட்டிய கைமேல் படுத்துத் தூங்கினால் அந்த இடம் அமுங்கிப் பொய்யாகத் தாழ்வு காட்டும். திரும்பிப் படுத்தால் சிறிது நேரத்தில் எண் தானாக ஏறும். ஸ்பிரிட் காயும் முன் ஒட்டினால் மூன்றாம் நாளே ஓரம் கிளம்பும். சில வகைகளில் வைட்டமின் சி மாத்திரை அதிகம் எடுத்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

நான்கு பேர் ‘சர்க்கரைத் தொடரளவி’, ஒருவர் ‘அயிரளவி’, ஒருவர் ‘சென்சார்’. அட்டையில் தொடரளவி, உள்ளே முதல் இடத்தில் ‘தொடரளவி என்ற சென்சார்’, பிறகு சென்சார். நாளை காலை அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

1 நிமிடத்துக்கோ 5 நிமிடத்துக்கோ ஒரு முறை அளப்பது ‘தொடர்’ ஆகுமா, ‘அடுத்தடுத்து’ ஆகுமா? இரத்தத்தைத் தள்ளிய அதே நேர்மை இங்கேயும் வேண்டும். என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்.

மருத்துவர், கோயம்புத்தூர்:

மெய்ப்பு பார்த்தேன். 3ஆம் பக்கப் படத்தின் அடியில் இன்னும் ‘இரத்தச் சர்க்கரை’ என்றே இருக்கிறது. ‘திசுநீர்ச் சர்க்கரை’ என்று மாற்றிவிட்டு அனுப்புங்கள்.